கற்கருவி பழக எந்தக் கல்? பெரம்பலூர், அரியலூரிலிருந்து ஒரு விடை

பெரம்பலூரும் அரியலூரும் கல்லை நம்பிப் பிழைக்கும் மாவட்டங்கள். மேற்கே பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய குன்றுகளை உடைத்து ஜல்லியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். கிழக்கே சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமென்ட் ஆக்குகிறார்கள். இருந்தும், ஆதிமனிதர் செய்ததுபோல் ஒரு கல்லைத் தட்டிச் சில்லெடுத்துக் கருவி செய்யப் பழக நினைக்கும் ஒருவருக்கு இங்கே தரையில் கிடக்கும் எந்தக் கல்லும் முதல் பாடத்துக்குத் தோதாக இருக்காது. அவருக்குத் தோதான பொருள் காலிக் கண்ணாடி பாட்டிலின் அடிப்பாகம். பலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் கல் உடையும் விதம், அதன் தூசு, நாட்டின் சட்டம், நாம் மண்ணில் விட்டுச்செல்லும் எச்சம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வேறு முடிவுக்கு வர வழியில்லை.

கல் செதுக்கப் பழகும் ஆசையை வெறும் பொழுதுபோக்கு என்று நான் நினைக்கவில்லை. 1863 மே 30 அன்று சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடாரியைக் கண்டெடுத்ததிலிருந்து இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்குகிறது. அதே ஆண்டு அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. அங்கே சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் பிற்காலத்தில் நடத்திய அகழாய்வு, தமிழ்நாட்டில் கைக்கோடாரி செய்தவர்களின் காலத்தைப் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோனது. இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. இந்த முடிவுகளுக்குக் காலக்கணிப்புக் கருவிகள் மட்டும் போதாது. ஒரு கல்லில் உள்ள பள்ளம் மனிதக் கை தட்டியதால் வந்ததா, ஆற்றில் உருண்டதால் வந்ததா, எந்தத் தட்டு முதலில் விழுந்தது, எது பின்னால் விழுந்தது என்று படிக்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். தானே தட்டிப் பார்த்தவருக்கு அந்தக் கண் சீக்கிரம் கிடைக்கிறது. கங்கைகொண்டசோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறை அகழாய்வு செய்யும் காலத்தில் இந்த வட்டாரத்து மாணவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் சோழர் காலத்துக்கு முந்தைய பல லட்சம் ஆண்டுகளைப் பற்றியும் கேட்கத் தொடங்கினால் அது நல்ல செய்திதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கையில் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிக்கிமுக்கிக் கல்லும் எரிமலைக் கண்ணாடியும் மான்கொம்புச் சுத்தியலும் வாங்கிக்கொள்ளச் சொல்கின்றன. நம் ஊரில் முதல் இரண்டும் கிடைக்காது. மூன்றாவதைக் கையில் வைத்திருந்தால் வழக்கு வரும்.

முதலில் கல் எப்படி உடைகிறது என்று பார்ப்போம். கருவிக்கு ஏற்ற கல்லின் ஓரத்தில் ஓர் அடி விழுந்தால், அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு வடிவில் உள்ளே பரவும். அந்தக் கூம்பின் ஒரு பக்கமே சில்லாகப் பெயர்கிறது. பெயர்ந்த முகத்தில் அடி விழுந்த இடத்துக்குக் கீழே ஒரு புடைப்பும், அதிலிருந்து விரியும் மெல்லிய அலைவரிகளும் தெரியும். இது நடக்க வேண்டுமானால் கல் எல்லாத் திசையிலும் ஒரே தன்மையோடு இருக்க வேண்டும். உள்ளே பெரிய மணிகளோ அடுக்குகளோ பழைய விரிசல்களோ இருக்கக் கூடாது. தட்டும் விளிம்பின் கோணமும் செங்கோணத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். சிலிக்கா நிறைந்த, மணி தெரியாத அளவு நுண்ணிய கற்களுக்கே இந்தக் குணங்கள் உண்டு. செர்ட், சிக்கிமுக்கி, அகேட், எரிமலைக் கண்ணாடி எல்லாம் இந்தக் குடும்பம். விரலில் தொங்கவிட்டு இன்னொரு கல்லால் மெல்லத் தட்டினால் நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும். உள்ளே விரிசல் ஓடிய கல் மொத்தென்று அடங்கிவிடும்.

இந்த அளவுகோலோடு பெரம்பலூரின் மேற்குப் பக்கத்துக்குப் போனால், காலடியில் இருப்பது மிகப் பழைய நைஸ் பாறையும் சார்னோக்கைட்டும். கட்டடத்துக்கும் சாலைக்கும் இவற்றைவிட உறுதியான கல் வேண்டியதில்லை. அம்மியும் ஆட்டுக்கல்லும் இந்த வகைக் கல்லில்தான் கொத்துகிறார்கள். கொத்துவது வேறு, சில்லெடுப்பது வேறு. உளியால் கொத்தும்போது கல் பொடிப்பொடியாக உதிர்ந்து வடிவம் பெறுகிறது. கல்லில் மணி இருப்பது அந்த வேலைக்கு உதவிதான். சில்லெடுக்க முயன்றால் அதே மணிகள் விசையைத் திசைமாற்றிவிடும். வெட்டப்பட்ட ஜல்லியின் விளிம்பு கையைக் கிழிக்கும், ஆனால் கத்தியாகாது.

அதே மேற்குப் பகுதியின் வயல்களிலும் கரடுகளிலும் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல் ஆசையைத் தூண்டும். இரண்டு துண்டுகளை இருட்டில் உரசிப் பொறி பார்த்து விளையாடாத கிராமத்துப் பிள்ளை குறைவு. குவார்ட்ஸ் என்ற இந்தக் கல் முழுக்கச் சிலிக்கா. பழங்கால மக்களும் இதில் கருவி செய்தார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளில் குவார்ட்ஸும் செர்ட்டும் உண்டு, 1956-இல் எஃப். இ. சூய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் அவற்றை விரிவாக எழுதினார்கள். இலங்கையின் பட்டதொம்பலென குகையில் வாழ்ந்தவர்களும் குவார்ட்ஸையே நம்பினார்கள். அவர்கள் வேறு கல் கிடைக்காத இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். பாறையின் நரம்பில் உருவான வெங்கச்சங்கல் உள்ளுக்குள் விரிசலோடு பிறக்கிறது. புதியவர் அடித்தால் எந்தப் பக்கம் சிதறும் என்று சொல்ல முடியாது. தவறு தன் அடியிலா, கல்லிலா என்பதும் அவருக்குப் புரியாது. கற்க வருபவருக்கு இதைவிடக் கெட்ட ஆசிரியர் இல்லை. அதன் தூசு அதைவிடக் கெட்டது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிழக்கே போனால் நிலமே மாறுகிறது. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் ஏறி இறங்கியிருந்தது. எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860-களின் தொடக்கத்தில் இந்தப் படிவங்களை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பிரித்து எழுதினார். அந்தப் பெயர்கள் இன்றும் புவியியலில் நிலைத்திருக்கின்றன. சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலின் கொடை. ஆனால் சுண்ணாம்புக்கல்லின் கடினம் மோஸ் அளவில் 3, குவார்ட்ஸுக்கு 7. பேனாக்கத்தியால் கீறலாம். கீறிய பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். இப்படி நுரைக்கும் கல்லைச் செதுக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம். கர்நாடகத்தில் ஹுன்ஸ்கி பள்ளத்தாக்கின் இசாம்பூரில் சுண்ணாம்புக்கல்லில் கைக்கோடாரி செய்தார்களே என்று விவரம் அறிந்தவர் கேட்கக்கூடும். கே. பத்தய்யா குழுவினர் அகழ்ந்த அந்தப் பட்டறையில் இருந்தது சிலிக்கா ஏறி இறுகிய சுண்ணாம்புக்கல். அரியலூர்ச் சுரங்கத்துக் கல்லுக்கு அந்த உறுதி இல்லை.

காரை, குளக்கானத்தம் பக்கத்துக் களிமண் மேடுகளில் பழுப்பு நிறத்தில் உருண்டைகள் கிடக்கும். பார்க்கச் சிக்கிமுக்கி முண்டுகள் போலவே இருக்கும். அவை பாஸ்பேட் உருண்டைகள். இந்த வட்டாரத்து உருண்டைக் கற்கள் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2020-இல் குன்னத்தில் கிடைத்தவையே சாட்சி. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. புவியியலாளர்கள் பார்த்துவிட்டு அவை கடல்படிவ உருண்டைகள் என்றார்கள்.

உண்மையான செர்ட் இந்த வட்டாரத்தில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். செந்துறைப் பக்கம் நிண்ணியூர் அடுக்கில் சுண்ணாம்புக்கல்லோடு செர்ட்டும் உண்டு. ஆனால் அந்த அடுக்கு டைனோசர்கள் அழிந்த காலத்தின் எல்லையை ஒட்டியது. அதிலிருந்து கிடைத்த தொல்பாசிகளை எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் 1936-இல் விவரித்தார்கள். இன்னும் படிக்க வேண்டியது அதில் இருக்கிறது. பழகுகிறவர் கையில் ஒரு கூடைக் கல் அரைமணி நேரத்தில் சிதைந்துவிடும். அப்படிப்பட்ட கல்லை முதல் பாடத்துக்குத் தின்னக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

சாத்தனூர் மரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அறிவித்த கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம் கொண்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் சின்னமாகக் காக்கிறது. கல்மரம் சிலிக்கா ஏறியது, சில்லெடுக்கக்கூடியது. பர்மாவின் ஐராவதி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய கற்கால மக்கள் கல்மரத்தில் கருவி செய்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு ஓடையோரத்தில் கிடக்கும் ஒரு கல்மரத் துண்டை எடுத்தால் என்ன என்று தோன்றலாம். எடுக்கக் கூடாது. அந்தத் துண்டு கிடக்கும் இடமே அது எந்த அடுக்கிலிருந்து வந்தது என்பதற்கான சான்று.

இனி தூசு. கற்கருவி பழகுவோர் விரல் வெட்டுக்குப் பயப்படுகிறார்கள். வெட்டு ஆறிவிடும். நுரையீரலில் படிந்த படிகச் சிலிக்கா வெளியேறுவதில்லை. படிந்த இடத்தைத் தழும்பாக்கிக்கொண்டே போகும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிராண்டன் என்ற சிற்றூர் துப்பாக்கிகளுக்கான சிக்கிமுக்கிக் கற்களைத் தலைமுறைகளாகச் செதுக்கியது. அங்கே மூடிய கொட்டகைகளில் உட்கார்ந்து வேலை செய்தவர்களில் பலர் நுரையீரல் நோயால் முன்கூட்டியே இறந்தார்கள். குஜராத்தின் காம்பாட்டில் அகேட் மணி செய்பவர்களிடமும், அவர்கள் பட்டறையை அடுத்து வாழ்கிறவர்களிடமும்கூட, சிலிக்கோசிஸ் இருப்பதை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. படிகச் சிலிக்காத் தூசு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. அமெரிக்கத் தொழிலகங்களில் இப்போது அனுமதிக்கப்படும் உச்ச அளவு ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அளவு அது. கிரஷர்களின் வெண்புகையை அன்றாடம் பார்க்கும் பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்த ஆபத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

கண்ணாடியும் சிலிக்காவால் ஆனதுதான். ஆனால் அதன் அணுக்கள் படிகமாக அடுக்கப்படாதவை. அதனால் பாட்டில் கண்ணாடித் தூசு குவார்ட்ஸ் தூசைப் போலச் சிலிக்கோசிஸ் உண்டாக்குவதில்லை. மூச்சுக்குழாயையும் கண்ணையும் அது உறுத்தும்; ஆகவே முகக்கவசம் அப்போதும் வேண்டும். எனினும் தவறுகள் மிகுதியாகவும் தூசு மிகுதியாகவும் எழும் முதல் மாதங்களை ஆபத்துக் குறைந்த பொருளோடு கழிப்பதுதான் அறிவுடைமை. உடையும் குணத்திலும் கண்ணாடிக்குக் குறையில்லை. உள்ளே மணி கிடையாது, அடுக்கு கிடையாது, எல்லாத் திசையிலும் ஒரே தன்மை. அடி சரியாக விழுந்தால் சில்லு சரியாக வரும். தவறினால் தவறு நம்முடையது என்று உடனே தெரியும்.

கண்ணாடியில் செய்வது போலி என்று முகம் சுளிப்பவர்கள் அந்தமானை நினைத்துக்கொள்ள வேண்டும். அந்தமான் பழங்குடிப் பெண்கள் குவார்ட்ஸ் சில்லுகளால் தலைமழித்தும் உடலில் கோடு கீறியும் வந்தார்கள். கப்பல்கள் வழியே பாட்டில்கள் வந்தபின் அதே வேலைக்குக் கண்ணாடிச் சில்லுகளை எடுத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈ. எச். மேன் இதைப் பதிவு செய்தார். கலிஃபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய இஷி, 1911 முதல் 1916-இல் இறக்கும்வரை அருங்காட்சியகத்தில் வாழ்ந்தபோது பாட்டில் கண்ணாடியில் அழகான அம்பு முனைகளைச் செய்து காட்டினார். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதிப் பழங்குடியினர் தந்திக் கம்பத்தின் பீங்கான் குமிழ்களில் ஈட்டி முனை செதுக்கினார்கள். தேர்ந்த கைகள் தேடிப் பிடித்த பொருள் கண்ணாடி.

எல்லாக் கண்ணாடியும் ஆகாது. தடித்த அடி கொண்ட பீர் பாட்டில் நல்லது. கண்ணாடிக் கடையில் வெட்டி ஒதுக்கிய 8 அல்லது 10 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடித் துண்டும் நல்லது. மூலையில் முத்திரை பொறித்த டஃபன்டு கண்ணாடி ஒரே அடியில் ஆயிரம் கட்டைத் துணுக்குகளாகிவிடும், அது வேண்டாம். கார் முன்கண்ணாடி நடுவே பிளாஸ்டிக் தாள் ஒட்டியது, அதுவும் வேண்டாம். பழைய டிவியின் படக்குழாயில் ஈயம் இருக்கிறது. டியூப்லைட்டில் பாதரசம் இருக்கிறது. இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாது. டாஸ்மாக் காலி பாட்டில்களைத் திரும்பக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டம் நீலகிரியை அடுத்து 2022 இறுதியில் பெரம்பலூருக்கும் வந்தது. வயலில் எறியப்பட்ட பாட்டிலைப் பொறுக்குவதைவிட ஒரு பாட்டிலுக்குப் பத்து ரூபாயை விட்டுக்கொடுத்து, கழுவிய முழுப் பாட்டிலாக எடுத்துக்கொள்வது மேல். அடியைப் பிரிக்க, பாட்டிலுக்குள் ஒரு பெரிய ஆணியைப் போட்டு, ஈரச் சாக்கில் முழுதும் சுற்றி, வாயைக் கையுறையோடு அழுத்திப் பிடித்துச் செங்குத்தாகக் குலுக்கினால் ஆணி அடித்து அடி தனியே கழன்றுவிடும்.

கண்ணாடி கைவந்த பிறகு பீங்கான். அரியலூருக்கு வடக்கே விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன ஊர். அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரக் குமிழ்களும் செய்யும் பட்டறைகள் அங்கே உண்டு. சூளையில் சுட்டபின் ஒதுக்கப்பட்ட தடித்த துண்டுகள் கிடைத்தால் கேட்டு வாங்கலாம். வீடு இடிக்கும்போது வரும் வாஷ்பேசின் துண்டும் ஆகும். பீங்கான் கண்ணாடியைவிட முரட்டுத்தனமானது, கல்லின் பிடிவாதத்துக்குப் பழக்குவது. ஆனால் பீங்கானில் குவார்ட்ஸ் படிகம் கலந்திருக்கிறது. ஆகவே இந்தக் கட்டத்தில் என்95 முகக்கவசத்துக்கு விலக்கு கிடையாது.

சுத்தியல் எது என்பதும் பொருள் தேர்வின் ஒரு பகுதியே. மான்கொம்பு வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான் கொம்புகளை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். காட்டில் தானாக உதிர்ந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. பெரம்பலூர்க் காப்புக்காடுகளில் புள்ளிமான் உலவுகிறது என்பதால் இந்த எச்சரிக்கை இங்கே கூடுதலாகவே பொருந்தும். மாற்றுக்கு வெளிநாடு பார்க்க வேண்டியதில்லை. காம்பாட் மணித் தொழிலாளர்கள் தரையில் நட்ட இரும்புக் கூரின் நுனியில் கல்லை அழுத்திப் பிடித்து, மெல்லிய குச்சியில் செருகிய எருமைக்கொம்புச் சுத்தியலால் மறுபக்கம் தட்டுகிறார்கள். அடி கல்லில் லேசாக விழ, கூர் எதிர்ப்பக்கத்தில் சில்லைப் பெயர்க்கிறது. உலகில் இன்றும் உயிரோடு இருக்கும் கல்செதுக்கு மரபுகளில் இது மிக நேர்த்தியானது. நம் ஊரில் இறைச்சிக் கடைக்குப் போய்க் கேட்டால் எருமைக்கொம்பு கிடைக்கும். சட்டத் தடையும் இல்லை. புளியமரத்து வைரக்கட்டையும் மென்மையான தட்டுக்கு உதவும். விளிம்பை அழுத்திச் சில்லெடுக்க, எர்த்திங் போடும் 8-ஆம் எண் செம்புக் கம்பியை மரப்பிடியில் செருகி நுனியை ராவிக்கொண்டால் போதும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன் விளிம்பைச் சாணைக்கல்லால் தேய்த்து மழுக்கிக்கொள்ள வேண்டும். கூரான விளிம்பு பொடிந்துபோகும், மழுங்கிய விளிம்புதான் விசையை உள்ளே அனுப்பும். புதியவர்கள் மறக்கிற பாடம் இது.

இடத்தைப் பற்றி நம் ஊருக்கென்று சில சொல்ல வேண்டும். திண்ணை, களம், வாசல், வீட்டு மாடி எதுவும் ஆகாது. நம் வீடுகளில் வெறுங்காலோடு நடக்கிறோம், தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், குழந்தை தவழ்கிறது. கண்ணாடிச் சில்லு மண்ணில் புதைந்தால் பல ஆண்டு கழித்தும் காலைக் கிழிக்கும். திறந்த வெளியில் தார்ப்பாய் விரித்து, காற்று பக்கவாட்டில் போகுமாறு உட்கார வேண்டும். கண்ணுக்குப் பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, தொடைமேல் தோல், மூடிய காலணி, முழுக்கால் சட்டை இல்லாமல் முதல் அடியே அடிக்கக் கூடாது. லுங்கியோடு உட்காரக் கூடாது என்பதைத் தனியே சொல்கிறேன். முடிந்ததும் தண்ணீர் தெளித்துக் கூட்டி, தகர டின்னில் அடைத்து, மூடியை ஒட்டிவிட வேண்டும். குப்பைமேட்டில் கொட்டினால் மாடு தின்றுவிடும். உடுத்திய துணியை உதறாமல் தனியே நனைத்துத் துவைக்க வேண்டும்.

கண்ணாடிக்கு இன்னொரு பெரிய நன்மை உண்டு. அதை யாரும் பழங்காலக் கருவி என்று தவறாக எண்ண மாட்டார்கள். பழைய கருவிகள் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்து இன்று ஒருவர் குவார்ட்ஸோ குவார்ட்சைட்டோ தட்டினால், அந்தச் சில்லுகள் நாளை அங்கே மேற்பரப்பாய்வு செய்யும் மாணவரின் பையில் போய்ச் சேரும். ஒரு தலமே கெட்டுவிடும். நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளைக் காக்க 1972-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பழைய சில்லு ஒன்று கண்ணில் பட்டால் எடுக்காமல், இடத்தோடு படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்வதே முறை. தான் செய்ததில் ஒவ்வொன்றிலும் ஆண்டும் பெயர் எழுத்தும் வைரமுனையால் கீறிவைப்பதும் அதே பொறுப்பின் பகுதி. கல்லுக்கு மாறும் நாள் வந்தால், ரசீதோடு விற்கும் அகேட் வணிகரிடம் சிறிது வாங்குங்கள். மண்ணில் கிடப்பதைத் தொடாதீர்கள்.

இந்த இரு மாவட்டங்களின் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரணவாசி தொல்லுயிர் அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போகிறீர்கள். திரும்பி வந்ததும் ஒரு நாள் மைதானத்தின் ஓரத்தில் தார்ப்பாய் விரித்து, பாட்டில் அடியும் எருமைக்கொம்பும் வைத்து, கண்ணுக்கும் மூக்குக்கும் காப்போடு ஒரு சில்லாவது எடுக்கச் செய்யுங்கள். சில்லெடுத்த பிறகு அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரியின் படத்தைக் காட்டுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு தழும்பையும் வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள்.